சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சை மலை

மாதம் ஒரு பொருள், கேட்பது நீங்கள். இந்த மாதம் ஓரிகனின் சின்ன ஒயின்காரர்களும், அவர்கள் பாட்டில்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஆசாமிகளும்.

? சேலத்துக்குப் பக்கத்தில் ஒயின் மலை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் பிறந்து வளர்ந்ததே சேலம். எங்கள் ஏற்காட்டில் காப்பிதான் விளைகிறது. எங்கே ஐயா அந்த மலை?
– அஸ்தம்பட்டி வாசகர், சேலம்

மன்னிக்கணும், சேலம் மாறிப்போச்சு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத் தலைநகரத்தின் பெயரும் சேலம்தான். பைபிளிலிருந்து எடுத்து வைத்த பெயர். அந்தச் சேலத்துக்கு வடமேற்கே இயோலா–அமிட்டி என்று ஒரு குன்றுத் தொடர் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே மெக்மின்வில், டண்டீ, நியூபர்க் என்று போர்ட்லாந்தை நெருங்கும் வரைக்கும் மேடு கண்ட இடமெல்லாம் திராட்சை. மொத்தத்துக்கும் வில்லாமிட் பள்ளத்தாக்கு என்று பெயர். மாம்பழத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டாம், அந்த விஷயத்தில் உங்கள் சேலத்துக்குப் போட்டியே கிடையாது.

? வில்லமெட்டா, வில்லாமிட்டா?
– ஹில்ஸ்பரோ, ஓரிகன்

'லா'வில் அழுத்துங்கள். 'டாமிட்' என்ற ஆங்கில வசவோடு எதுகை சேர வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களே சொல்லித் தருவார்கள். சிப் தொழிற்சாலை வேலைக்கு வந்து தமிழர்கள் குடியேறிய ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டு வாசலிலிருந்து அரை மணி நேரம் காரை ஓட்டினால் தோட்டம் வந்துவிடும். வார இறுதியில் காஸ்ட்கோ கடையைத் தாண்டியும் போய்ப் பாருங்கள்.

? இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தது யார்? பிரெஞ்சுக்காரர்களா?
– திருநெல்வேலி

இல்லை, பல் மருத்துவம் படிக்கக் கிளம்பிய ஒருவர். டேவிட் லெட் என்று பெயர். யூட்டா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து முடித்து, பல் மருத்துவக் கல்லூரியைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போனார். போன இடத்தில் நாப்பா பக்கத்து ஒயின் தோட்டங்களைப் பார்த்துவிட்டார். ஊரார் பற்கள் தப்பித்தன. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பு படித்தார். பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் பினோ நுவார் திராட்சைக்குக் கலிபோர்னியா வெயில் ஆகாது, இன்னும் வடக்கே போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஓரிகனா, அங்கே பனியிலும் மழையிலும் எல்லாம் அழுகிப் போகும் என்று அங்கிருந்தவர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. 1965-ல் மூவாயிரம் திராட்சைக் குச்சிகளோடு வந்து இறங்கினார்.

அடுத்த வருடம் கல்யாணம். தேனிலவு போக வேண்டிய நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் டண்டீ மலையில் குனிந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் டயானாவுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு லெட் கல்லூரிப் பாடப்புத்தகம் விற்கும் வேலை பார்த்தார். ஒயின் செய்யக் கிடைத்த இடம், மெக்மின்வில்லில் வான்கோழி வெட்டிப் பதப்படுத்திய பழைய கட்டடம். 1970-ல் முதல் ஒயின். ஆலையின் பெயர் 'தி ஐரி வைன்யார்ட்ஸ்'. ஐரி என்றால் பருந்துக் கூடு. தோட்டத்து மரத்தில் பருந்து கூடு கட்டியிருந்ததாம்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெற்கே அம்ப்குவா பள்ளத்தாக்கில் ரிச்சர்ட் சோமர் என்பவர் 1961-லேயே பினோ நுவார் நட்டிருந்தார். ஆனாலும் 'பாப்பா பினோ', அதாவது பினோவின் அப்பா என்ற பட்டம் லெட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பட்டங்கள் எப்போதும் அப்படித்தான்.

? அமெரிக்க வான்கோழிக் கொட்டகையில் செய்த ஒயினை பிரான்சில் மதித்தார்களா?
– புதுச்சேரி

புதுச்சேரிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 1979-ல் கோ–மில்லோ என்ற பிரெஞ்சுப் பத்திரிகை பாரிஸில் ஒரு ஒயின் ஒலிம்பிக்ஸ் நடத்தியது. பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். லெட் 1975-ல் செய்த சவுத் பிளாக் ரிசர்வ் என்ற பினோ நுவார் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. பர்கண்டியின் பெரிய வியாபாரி ரோபேர் துருவானுக்கு இது பொறுக்கவில்லை. போட்டி சரியில்லை என்று 1980-ல் தன் ஊரான போன் நகரத்திலேயே, தன் உயர்ந்த பாட்டில்களை இறக்கி, மறுபடி நடத்தினார். அவருடைய 1959-ஆம் வருடத்து ஷாம்போல்–மியூசினி ஒயின் முதலிடம். லெட்டின் ஒயின் இரண்டாமிடம். வித்தியாசம் 0.2 புள்ளி.

துருவான் அதோடு விட்டிருந்தால் கதை சப்பென்று போயிருக்கும். 1987-ல் டண்டீ மலையிலேயே நிலம் வாங்கினார். மகள் வெரோனிக் 1988-லிருந்து அங்கே ஒயின் செய்கிறார். எளிதில் தோற்கடிக்க முடியாதவன் பக்கத்தில் மனை வாங்கிக் குடியேறுவது நல்ல பழக்கம்.

? பினோ நுவார் அப்படி என்ன உசத்தி?
– கோவை

உசத்தி என்பதைவிடத் தொந்தரவு என்று சொல்லலாம். தோல் மெல்லிசு. வெயில் கொஞ்சம் கூடினால் ஜாம் மாதிரி ஆகிவிடும். மழை கொஞ்சம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். சேலம் – அந்தச் சேலம்தான் – ஏறக்குறைய 45-ஆவது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. கோடையில் பகல் நீளம், இரவு குளிர், மழை அநேகமாகக் கிடையாது. பழம் நின்று நிதானமாகப் பழுக்கும். ஆனால் அக்டோபர் பிறந்தால் பசிபிக் கடலிலிருந்து மழை கிளம்பிவிடும். பழுப்பது முந்துமா, மழை முந்துமா என்று ஒவ்வொரு வருடமும் பந்தயம். அதனால் இந்த ஊர் ஒயினில் வருடம் என்பது லேபிளில் அச்சடித்த வெறும் எண் கிடையாது, ஜாதகம். 2007-ல் மழை முந்தியது. 2011-ல் குளிர் விடாமல் அறுவடை நவம்பர் வரை இழுத்தது. 2012-ல் எல்லாம் கூடி வந்தது.

? மண்ணைப் பற்றி அங்கே ஒரேயடியாகப் பேசுகிறார்களே, மண் என்றால் மண்தானே?
– மணப்பாறை

மாட்டைப் பற்றி உங்கள் ஊரில் ஒரேயடியாகப் பேசுவதில்லையா? டண்டீ மலை, எரிமலைக் குழம்பு இறுகி, மக்கி, செம்மண்ணான இடம். அந்த மண்ணுக்கு ஜோரி என்று பெயர். மழையில் செருப்போடு நடந்தால் நம் செம்மண் போலவே விடாமல் ஒட்டும். 2011-ல் அதை மாநில மண் என்றே அறிவித்தார்கள். பக்கத்திலேயே யாம்ஹில் பக்கம் போனால் பழைய கடலடி வண்டல். பள்ளத்தாக்கின் தரையில் பனியுகக் கடைசியில் வந்த பெருவெள்ளங்கள் கொட்டிவிட்டுப் போன வளமான மண். அங்கே புல் விதையும் ஹேசல்நட்டும் அமோகமாக விளைகின்றன. திராட்சைக்கு அந்தச் செழிப்பு ஆகாது, இலை இலையாகத் தள்ளும். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும் பிள்ளை.

? 'சின்ன ஒயின்காரர்' என்கிறீர்கள். எவ்வளவு சின்னவர்?
– ஈரோடு

ஈரோடு என்றாலே கணக்கு. சரி. ஒரு பீப்பாய் 225 லிட்டர். அதில் 300 பாட்டில். 12 பாட்டில் ஒரு பெட்டி, ஆக 25 பெட்டி. ஓரிகனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை வருடத்துக்கு 5,000 பெட்டியைத் தாண்டாதவை. அதிலும் சின்னவர்கள் இரண்டாயிரம் பெட்டியோடு சரி. சிலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் தோட்டம் கிடையாது. வருடா வருடம் அடுத்தவர் தோட்டத்தில் நான்கு வரிசை, எட்டு வரிசை என்று பேசி வைத்துப் பழம் வாங்குவார்கள். வேறொருவர் ஆலையில் மூலையில் இடம் பிடித்து ஒயின் செய்வார்கள். ஆனால் லேபிளில் அந்தத் தோட்டத்தின் பெயரை மறக்காமல் போடுவார்கள். யார் வீட்டுப் பால் என்று சொல்லித் திரட்டுப்பால் விற்பது போல.

இங்கே சட்டமும் கறார். பினோ நுவார் என்று லேபிளில் போட்டால் 90 சதவீதமாவது அந்தத் திராட்சை இருக்க வேண்டும். அமெரிக்காவின் பொது விதி 75-தான். வில்லாமிட் பள்ளத்தாக்கு என்று போட்டால் 95 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும்.

ரசிகர்கள் சின்னவர்களைச் சுற்றுவதற்கு ருசி மட்டும் காரணமில்லை. பாட்டிலில் சந்தேகம் என்றால் அதைச் செய்த ஆளையே கேட்கலாம். நான் ஒருமுறை ஒருவரிடம், 'இதை எப்போது திறக்கலாம்?' என்று கேட்டேன். ரப்பர் பூட்ஸும் திராட்சைக் கறை படிந்த நகமுமாக நின்றுகொண்டிருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இன்றைக்கு ராத்திரி என்ன சமையல்?' என்றார். பெரிய கம்பெனியில் இந்தப் பதிலுக்கு ஆள் கிடையாது.

? காசு கொடுத்து வாங்கிய ஒயினை ஏன் துப்புகிறார்கள்?
– விருதுநகர்

எட்டாவது பாட்டிலையும் ருசிக்க வேண்டுமே! துப்பாதவருக்கு நான்காவதோடு எல்லாமே அற்புதமாக இருக்கும்.

? 'ஈர மண், செர்ரி, பழைய தோல்' என்றெல்லாம் ஒயினில் வாசனை சொல்கிறார்களே, பீலாதானே?
– மதுரை

பாதி பீலா. 2001-ல் போர்தோவில் பிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார். பிறகு அதே ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். இரண்டாவது கோப்பையை சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். அவர்கள் ஒயின் படிப்பு படிக்கிறவர்கள்! கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது.

மீதிப் பாதி உண்மை. நம் வீட்டுப் பாட்டி ரசத்தை வாயில் விடாமலே உப்புக் குறைவு என்பாள். அதுவும் பயிற்சிதான். எனக்கு ஆட்சேபம் வேறு. பிளாக்பெர்ரியையே பார்க்காதவர்கூட பிளாக்பெர்ரி வாசனை என்று எழுதுகிறார். நாவற்பழம் தின்றபின் நாக்கில் நிற்குமே ஒரு துவர்ப்பு, அது எத்தனையோ பினோ நுவாரில் இருக்கிறது. முதல் மழை விழுந்த களத்து மண் இருக்கிறது. தேயிலை டப்பாவைத் திறந்ததும் வரும் வாசனை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்குப் புரிந்தால் போதும்.

? நீங்கள் ருசி பார்க்கும் கூட்டத்தில் அப்படி என்னதான் செய்வீர்கள், அண்ணா? வீட்டில் கேட்டால் 'படிக்கிறோம்' என்கிறார் என் கணவர்.
– பீவர்ட்டன், ஓரிகன்

தங்கச்சி, அவர் பொய் சொல்லவில்லை. ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். ஆறு பேர். டண்டீ மலையில் ஒரே தோட்டம், ஒரே கை செய்த மூன்று வருடத்து பாட்டில்கள்: 2007, 2011, 2012. பாட்டில்களை மளிகைக் கடைப் பழுப்பு உறைகளில் போட்டு 1, 2, 3 என்று எழுதிவிட்டோம். மேசையில் வெள்ளைத் தாள், தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், நடுவில் துப்புவதற்கு ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு. எது எந்த வருடம் என்று எழுத வேண்டும். அரை மணி நேரம் வாய்ப்பேச்சே கிடையாது, பரீட்சை ஹால்தான்.

இரண்டாவது உறையில் இருந்தது வெளிறிய நிறம். கோப்பைக்கு அடியில் விரல் வைத்தால் விரல் தெரிகிறது. ஓரத்தில் செங்கல் நிறம். மோந்தால் காய்ந்த ரோஜா, காளான், எங்கேயோ ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகும் ஒரு நிமிடம் வாயை விட்டுப் போகவில்லை. ஆறில் ஐந்து பேர், 'இதுதான் 2012' என்று எழுதினோம். உறையைக் கிழித்தால் 2007. மழையில் நனைந்த வருடம், விமர்சகர்கள் மார்க்கைக் குறைத்த வருடம். நிஜமான 2012 மூன்றாவது உறையில் கொழுகொழுவென்று, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. சரியாகச் சொன்ன அந்த ஆறாவது ஆள் அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தவர். மறுமுறை அவரைக் கூப்பிடுவதா என்று யோசித்தோம்.

? பாட்டிலுக்குள் பூட்டி வைத்தால் ஒயின் எப்படி நன்றாகும்? நம் வீட்டில் எதை வைத்தாலும் கெட்டுத்தான் போகிறது.
– தஞ்சாவூர்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு பழைய அரிசியை மறந்துவிட்டீர்களே! உப்பு நார்த்தங்காய் எத்தனை வருடம் ஜாடியில் கிடக்கிறது? சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்புச் சத்தும் நிறச் சத்தும் இருக்கின்றன. வருடம் போகப் போக இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனமாகி அடியில் வண்டலாகத் தங்கும். அதனால் நிறம் வெளுக்கும், துவர்ப்பின் முரட்டுத்தனம் அடங்கும். புதுப்பழ வாசனை மங்கி, காய்ந்த இலை, காளான், தேயிலை என்று வேறு வாசனைகள் கிளம்பும். இதைத் தாங்கி நிற்பது புளிப்பு. குளிர்ந்த ஊர்த் திராட்சையில் அது தங்கும். வெயில் ஊரில் இனிப்பு ஏற ஏற அது கரைந்துவிடும்.

கறுத்த நிறமும் கனமும் உள்ள ஒயின்தான் நீண்ட நாள் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லெட்டின் ஒயின்கள் எப்போதுமே வெளிறியவை. தண்ணி மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 2008-ல் அவர் இறந்தார். ஆலையை ஏற்று நடத்தும் மகன் ஜேசன், அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மோந்து, ருசி பார்த்து, தேறியவற்றுக்குப் புதுக் கார்க் போட்டு வைத்தார். எழுபதுகளில் செய்த அந்த 'தண்ணி' இன்னமும் உயிரோடிருக்கிறது.

? எத்தனை வருடம் வைக்கலாம்? ஒரே வரியில் சொல்லவும்.
– திருப்பூர்

சாதாரண வில்லாமிட் பினோ நுவாருக்கு ஐந்து, பேர் சொல்லும் ஒற்றைத் தோட்டத்து பாட்டிலுக்குப் பத்து முதல் இருபது, உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் இன்றைக்கே.

? அதே கேள்வி, ஆனால் விவரமாக. மூன்று வருடம் காத்திருந்து திறந்தேன். வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– சான் ஹோசே

இல்லை, நீங்கள் அது தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். பினோ நுவார் பாட்டிலில் அடைத்த புதிதில் கலகலப்பாக இருக்கும். பிறகு சில வருடம் ஊமையாகிவிடும். ஏன், எப்போது, எவ்வளவு நாள் என்பதற்கு உறுதியான விதி கிடையாது. பதினான்கு வயதுப் பையன் திடீரென்று வீட்டில் பேசுவதை நிறுத்திவிடுவான் இல்லையா, அப்படி. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று வெவ்வேறு பாட்டில் வாங்காமல் ஒரே பாட்டிலில் மூன்று வாங்குகிறார்கள். ஒன்று இப்போது, ஒன்று ஐந்து வருடம் கழித்து, மூன்றாவதை எப்போது என்று இரண்டாவது சொல்லும்.

? பாதாள அறை கட்ட வசதியில்லை. வீட்டில் எங்கே வைப்பது?
– டைகார்ட், ஓரிகன்

கராஜைத் தவிர எங்கே வேண்டுமானாலும். என் அனுபவத்தைக் கேளுங்கள். ஓரிகன் குளிர்ந்த ஊர்தானே என்று ஒன்றரைப் பெட்டியை கராஜ் அலமாரியில் அடுக்கியிருந்தேன். 2021 ஜூன் 28-ஆம் தேதி போர்ட்லாந்தில் 46.7 டிகிரி. நம் வேலூர்கூடத் தோற்கும். கராஜுக்குள் எவ்வளவு என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனால், கார்க்குகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கின்றன. தகட்டு மூடி உப்பியிருக்கிறது. லேபிள் மேல் ஒட்டும் பிசுக்காக ஒரு சிவப்புக் கோடு வழிந்து காய்ந்திருக்கிறது. ஒன்றைத் திறந்தேன். வேகவைத்த உலர்திராட்சையும் கருகிய வெல்லமும். என் மனைவி ஒரு வாய் பார்த்துவிட்டு, 'பானகத்துக்கு ஆகுமா?' என்றாள். பதினெட்டும் சமையலறைத் தொட்டியில் போயின.

வேண்டியது 13 டிகிரி. அதைவிட முக்கியம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பது. வெளிச்சம் கூடாது. கார்க் காயாமல் இருக்க பாட்டில் படுத்திருக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆட்டம் ஆகாது. மாடிப்படிக்கு அடியில், வீட்டு நடுவில் இருக்கும் அலமாரி சில வருடத்துக்குத் தாங்கும். பத்து வருடக் கனவு இருந்தால் ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி வாங்குங்கள். சமையலறை ஃபிரிட்ஜ் அவ்வளவு குளிர் வேண்டியதில்லை.

? அடுத்த மாதம் மகன் போர்ட்லாந்திலிருந்து இரண்டு பாட்டில் கொண்டு வருகிறான். சுங்கத்தில் பிடிப்பார்களா? எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?
– மயிலாப்பூர், சென்னை

இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லை. இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர்தான். சுங்க அதிகாரி விட்டுவிடுவார், கத்திரி வெயில் விடாது. பீரோவில் வைத்துச் சஷ்டியப்த பூர்த்திக்குத் திறக்கலாம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். மகன் வந்த களைப்பு நீங்கியதும், பாட்டிலை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியவர்கள் சென்னை அறையைப் பார்த்தவர்கள் அல்ல.

? நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியாதா?
– காரைக்குடி

தெரியாமல் என்ன? யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறலை நக்கீரர் புறநானூற்றில் சொல்கிறார். அந்தக் கலங்களின் உடைந்த சில்லுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. மூங்கில் குழாயில் விளைந்த தேறல் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. பூட்டி வைத்துக் காத்திருந்தவன் அன்றும் இருந்திருக்கிறான். எத்தனை டிகிரியில் வைத்தான் என்று மட்டும் எழுதவில்லை.

? 100-க்கு 95 வாங்கிய ஒயின்தான் வாங்க வேண்டுமா?
– நாமக்கல்

நாமக்கல்லில் பள்ளிக்கூட விடுதிகளைப் பார்த்து வளர்ந்தவர் போல. நூறு மார்க் முறையைப் பிரபலமாக்கிய ராபர்ட் பார்க்கரே ஓரிகனில் தன் மைத்துனரோடு சேர்ந்து போ ஃப்ரேர் என்ற ஆலைக்குப் பங்குதாரராக இருந்தார். அந்த ஒயினுக்கு மட்டும் மார்க் போட மறுத்துவிட்டார். நல்ல மனிதர். மற்றவற்றுக்கும் போடாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல மனிதர்.

? மனை வாங்குவதா, ஒயின் வாங்கி வைப்பதா? எது லாபம்?
– செங்கல்பட்டு

மனையைக் குடிக்க முடியாது, ஒயினைப் பட்டா மாற்ற முடியாது. ஓரிகன் சின்ன ஆலை பாட்டிலை வாங்கி வைத்துப் பணக்காரரானவரை நான் பார்த்ததில்லை.

? திறந்ததும் மழைக்காலத்துக் கோரைப்பாய் வாசனை வந்தது. பழமையின் வாசனை என்று கணவர் குடிக்கச் சொன்னார்.
– ஆஸ்டின்

உங்கள் மூக்கு சரி. கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற ரசாயனம் அது. டிரில்லியனில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மனசுக்குத்தான் ஆகும். எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் போகாது. மூடி போட்டு, வாங்கிய இடத்தில் கொடுங்கள். நல்ல ஒயின்காரர் மறுபேச்சில்லாமல் வேறு தருவார். ஒயினில் கணவர் சொல்லைவிட மூக்கின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

? வண்டலை எப்படிப் பிரிப்பது?
– கும்பகோணம்

படுத்திருந்த பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் ஒரே மூச்சில் மெதுவாக வேறு குப்பியில் வடியுங்கள். டிகிரி காப்பி ஊரில் வடிப்பது எப்படி என்று நான் சொல்லித் தருவதா?

? காரக்குழம்போடு பினோ நுவார் பொருந்துமா?
– ஹில்ஸ்பரோ (மறுபடியும்)

காஸ்ட்கோவைத் தாண்டிவிட்டீர்கள் போலிருக்கிறதே! சந்தோஷம். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் ஏற்றிவிடும். காரக்குழம்புக்கு எந்த ஒயினும் வேண்டாம், மோர் போதும். துவர்ப்பு குறைந்ததால் பினோ நுவார் நம் சமையலில் சிலவற்றோடு சமாதானமாகப் போகும்: காளான் மிளகு வறுவல், சுட்ட கத்தரிக்காய், காரம் போடாத வாத்துக் கறி. மசாலா தூக்கலாக இருந்தால் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைத் தேடுங்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் சால்மன் மீனைத்தான் சொல்வார்கள். 1987-ல் மெக்மின்வில்லில் தொடங்கிய கோடைகாலப் பினோ நுவார் திருவிழாவில் ஆல்டர் மரக்கட்டையைத் தணலாக்கி, அதன் முன்னே மீனைக் குச்சியில் விரித்துக் குத்தி வைத்துச் சுடுவார்கள். கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை கிளம்பும். அந்தப் புகையில் அரை மணி நேரம் நின்றால் சட்டையோடு சேர்த்து நீங்களும் பக்குவமாகிவிடுவீர்கள்.

? கள்ளைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்பீர்கள். ஒயின் என்றால் பக்கம் பக்கமாகவா?
– பெருந்துறை

சரியான அடி. ஒயினுக்கு லேபிளும் கோப்பையும் இருப்பதால் அது புண்ணிய தீர்த்தம் ஆகிவிடாது. தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. 'தினம் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இதயத்தின் பெயரைச் சொல்லி நாக்கு கேட்கிறது. குடிக்காதவர் ஆரம்பிக்க வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவர்கள் காருக்குக் குடிக்காத ஒருவரை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கள்ளைப் பற்றித் தனியே எழுதுகிறேன், பனை மரம் ஏறுபவர் ஒருவரைப் பார்த்துப் பேசிய பிறகு.

? எங்கள் மகள் 2020 செப்டம்பரில் போர்ட்லாந்தில் பிறந்தாள். அவள் பிறந்த வருடத்து ஓரிகன் பினோ நுவார் ஒன்று வாங்கி, 21 வயதில் அவள் கையாலேயே திறக்க வைக்க ஆசை. எதை வாங்கலாம்?
– லேக் ஆஸ்விகோ, ஓரிகன்

இத்தனை கேள்வியிலும் கஷ்டமானது இதுதான். அந்த செப்டம்பர் உங்களுக்கு நினைவிருக்கும், கைக்குழந்தையோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தொழிலாளர் தின விடுமுறையில் கிழக்கிலிருந்து காற்று வீசி, மலைக்காடுகள் பற்றிக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதும் ஆரஞ்சு நிறப் புகை. அறுவடைக்குச் சில நாளே இருந்த திராட்சைமேல் அது படிந்து நின்றது. புகையில் உள்ள பொருள்கள் பழத்தோலுக்குள் போய்ச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது மோந்தால் தெரியாது. நொதிக்கும்போதும் பிறகு பாட்டிலில் இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். இன்றைக்கு நன்றாக இருப்பது ஐந்து வருடம் கழித்து அணைத்த அடுப்புச் சாம்பலாக நாறலாம். அதனால் எத்தனையோ சின்ன ஆலைகள் அந்த வருடம் சிவப்பு ஒயினே செய்யவில்லை. ஒரு வருட வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

சிவப்பு ஒயின் தோலோடு ஊறுவது, அதனால்தான் அந்த ஆபத்து. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிடுவார்கள். அந்த வருடத்து வெள்ளையில் நிறைய தப்பித்தது. ஆகவே பினோ நுவாரை விடுங்கள். 2020-ல் செய்த வில்லாமிட் ரீஸ்லிங் அல்லது ஷார்டனே, கிடைத்தால் ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலாக. பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாக முதிரும். வாங்குமுன் அதே ஒயினில் சின்ன பாட்டில் ஒன்றைத் திறந்து, புகை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒயின்காரரிடம் நேராகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். பிறகு மகள் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய சீட்டைக் கழுத்தில் கட்டி, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். கராஜில் வேண்டாம். 2041 செப்டம்பரில் திறந்ததும் எப்படி இருந்தது என்று இந்தப் பகுதிக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள்.